பத்து டயர் மருதாணி

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஹார்மோன் குடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் படிக்கட்டில் செருப்பு விட இடம் கிடைக்காது. காப்பாரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் ரயிலேறி வந்த அம்மாமார்கள், கையில் விசிறியும் தோளில் துண்டுமாக வரிசையில் நிற்பார்கள். வர முடியாதவர்களுக்கும் கவலையில்லை, செவ்வாயும் வெள்ளியும் முகநூலில் நேரலை உண்டு. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே உய்வடையலாம்.

இந்த அற்புதத்தை நடத்தியவர் ஹார்மோன் சித்தர் பிரகலாத அடிகள். மூன்று வருடத்துக்கு முன்பு வெறும் பிரகலாதனாக, வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் ஜனங்கள் விவரமாக இருந்தார்கள். "ஊத்திக் காட்டு, தண்ணி தெளியுதான்னு பாப்போம்" என்றார்கள். காவி கட்டிய பிறகு ஒருத்தரும் எதையும் காட்டச் சொல்லவில்லை. ஆகவே தொழில் மாறியது மிக நல்ல முடிவு.

முறை ரொம்ப எளிது. மாதவிடாய் நின்று, நேரங்கெட்ட நேரத்தில் உடம்பு கொதிக்கிற பெண்கள், இடது உள்ளங்கையைப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்ப வேண்டும். அடிகள் அந்தப் படத்தின் மேல் உருத்திராட்சத்தை ஆட்டி, உடம்பில் எத்தனை பெர்சன்ட் ஹார்மோன் மிச்சம் என்று குரல் பதிவில் சொல்லுவார். பிறகு, இருந்த இடத்திலிருந்தே ஏற்றிவிடுவார். வெள்ளித் திட்டம், தங்கத் திட்டம், வைரத் திட்டம். கைப்பேசிக்கு டாப்-அப் செய்கிற மாதிரிதான். கைப்பேசிக்கு ஏறும், அது ஒன்றுதான் வித்தியாசம்.

கிள்ளானில், மேரு சாலையோரத் தாமான் குடியிருப்பு ஒன்றில் பள்ளி வேன் ஓட்டும் குமுதாவுக்கு ஐம்பத்தொரு வயது. எட்டு மாதமாக ஒழுங்கான தூக்கம் கிடையாது. ராத்திரிக்கு நாலு தடவை வியர்வையில் நனைந்து எழுந்து நைட்டி மாற்றுவாள். பகலில் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனால் உறைந்த கோழி வைத்திருக்கும் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பாள். வேலையாட்கள் அவளைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

அதெல்லாம் போகட்டும். பள்ளி விடுமுறைக்கு முந்தின நாள், சிவப்பு விளக்கில் வேனை நிறுத்தியவளுக்குக் கண் அசந்துவிட்டது. உள்ளே பதின்மூன்று பிள்ளைகள். முன் சீட்டிலிருந்த ஒன்றாம் வகுப்புப் பாப்பா அவள் சட்டையை இழுத்து, "ஆன்டி, பச்சை வந்துட்டுப் போயிருச்சு. இப்ப மறுபடியும் சிவப்பு" என்றது. பள்ளி திறப்பதற்குள் தூக்கம் திரும்பாவிட்டால் வேனை விற்றுவிடுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். பதினெட்டு வருடமாக ஓட்டும் வேன். அந்தத் தாமானில் அவளை யாரும் பக்கிரிசாமி பெண்டாட்டி என்று சொல்வதில்லை. வேன் குமுதா என்றுதான் சொல்லுவார்கள்.

பிள்ளைகளின் பெயர் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, இணையத்தில் கிடைக்கும் வைத்தியங்களை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

முதலாவது, பங்சாரில் இருந்துகொண்டு வீடியோவில் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் சிந்துஜா. அந்தம்மா மருந்து தருவதற்கு முன்னால் முப்பத்தொரு கேள்வி கேட்டார். மார்பில் கட்டி வந்ததுண்டா? வீட்டில் வேறு யாருக்காவது? காலில் ரத்தம் உறைந்ததுண்டா? ஈரல் எப்படி? கர்ப்பப்பை இருக்கிறதா, எடுத்தாயிற்றா? எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு வாரம் பிரஷர் பார்த்து எழுதி அனுப்புங்கக்கா. மாமோகிராம் எடுத்து ரொம்ப நாளாச்சுன்னு சொன்னீங்க, அதையும் எடுத்துருங்க. ஹார்மோன் ஜெல் உங்களுக்குச் சரிப்படுமா, வேற மருந்தான்னு அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார்.

இரண்டாவது, கரடிக்குட்டி வடிவத்தில் இளஞ்சிவப்பு மிட்டாய். ஏழே நாளில் இருபத்தெட்டு வயது என்று போட்டிருந்தது. கடை முகவரியை மட்டும் போடவில்லை.

மூன்றாவது, அடிகள். கேள்வியே கிடையாது. நூறு பெர்சன்ட் உத்தரவாதம். சலுகை முடிய இன்னும் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் கேட்டார், கேட்டார், உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. அடிகள் ஒன்றும் கேட்காமலே உறுதி சொன்னார். எட்டு மாதம் தூங்காதவளுக்கு எது இனிக்கும்? பக்கத்து வீட்டு மலர்விழி வேறு வேலியோரம் நின்று அரித்துக்கொண்டே இருந்தாள். அவள் தங்கத் திட்டம்.

"அனுப்பிப் பாருங்கக்கா. கையைத்தானே அனுப்பப் போறீங்க? கிட்னியையா கேக்கிறாரு?"

குமுதா கையை அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. "தாயே! பதினேழு பெர்சன்ட்தான் இருக்கு. உன் கர்ப்பப்பை கோபமா இருக்கு. அங்க அக்னி எரியுது. டாக்டர் மருந்தை மட்டும் தொட்டுடாதே, நான் ஏத்துறதெல்லாம் எறங்கிடும்."

குமுதாவுக்கு ஒரு சின்னக் குழப்பம். கர்ப்பப்பையை எடுத்து ஆறு வருடம் ஆகிறது.

"மலரு, இல்லாத கர்ப்பப்பை எப்படி லா கோவப்படும்?"

மலர்விழி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எடுத்துட்டீங்கன்னுதான்க்கா கோவமே!"

இப்படி ஒரு பதில் கிடைத்தால் யாரால் என்ன செய்ய முடியும்? குமுதா பிரஷர் பார்க்கும் மிஷினைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு வெள்ளித் திட்டத்தில் சேர்ந்தாள். தினமும் மாலை ஏழு மணிக்கு, தலையில் ஈரத் துண்டோடு, பிரிக்ஃபீல்ட்ஸ் இருக்கும் திசையைப் பார்த்துக் கால் மணி நேரம் நிற்க வேண்டும். அடிகள் அங்கிருந்து ஏற்றுவார். அவளும் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு பக்தியோடு நின்றாள். தினமும் பதிவு வந்தது. "நல்லா ஏறுது தாயே, இருபத்தாறு... தாயே, முப்பத்தஞ்சு... தாயே, நாப்பது!"

பத்தாவது நாள் அவள் கணவர் பக்கிரிசாமி கோப்பி குடித்தபடி வாசலுக்கு வந்தார். முப்பது வருடம் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குச் சாமியும் தெரியாது, ஹார்மோனும் தெரியாது, ஆனால் ரோடு தெரியும்.

"குமுதா, நீ எந்தப் பக்கம் பாத்து நிக்கிற?"

"பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம்."

"இது போர்ட் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் உன் முதுகுக்குப் பின்னால இருக்கு." ஒரு மிடறு குடித்தார். "உன் ஹார்மோன் எல்லாம் இந்நேரம் கப்பல் ஏறியிருக்கும்."

குமுதா துண்டைக் கழற்றினாள். பத்து நாளாக முதுகைக் காட்டி நின்றதற்கு நாற்பது பெர்சன்ட்! ராத்திரி நைட்டி மாற்றுவது மட்டும் ஒரு தடவைகூடக் குறையவில்லை. பள்ளி திறக்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு இருப்பிடமும் உண்டு.

வேனில் பிள்ளைகள் சண்டை போட்டால் குமுதாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரையும் சேர்த்து நிறுத்திக் கேட்க மாட்டாள். தனித்தனியாக இறக்கி, ஒருத்தர் சொல்வது இன்னொருத்தர் காதில் விழாத இடத்தில் வைத்து, ஒரே கேள்வியைக் கேட்பாள். பென்சில் பெட்டியை யார் எடுத்தது என்பது மூன்றாவது பிள்ளை வாய் திறப்பதற்குள் தெரிந்துவிடும். சித்தருக்கும் அதே சட்டம்தான் என்று முடிவு செய்தாள். ஒரே கையை ஆறு போனிலிருந்து, ஆறு பெயரில் அனுப்ப வேண்டும்.

வேன் பிள்ளைகளின் தாய்மார்கள் ஐந்து பேர் சிரித்துக்கொண்டே போனைக் கொடுத்தார்கள். ஆறாவது பக்கிரிசாமியின் போன். ஆறு படத்துக்கும் கையும் அவருடையதுதான். பெண் கைபோல இருக்க வேண்டுமே என்று, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மருதாணி போடும் கடைக்கு அவரை இழுத்துப் போனாள். இரண்டு கல்யாணப் பெண்களுக்கு நடுவே, குட்டை ஸ்டூலில், பெரிய மீசையோடு அவர் உட்கார்ந்தார்.

"என்ன டிசைன் அங்கிள்? மயிலா, மாங்காயா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"லோரி போடும்மா. பத்து டயர்."

"ஏங்க, மானத்தை வாங்காதீங்க!" என்று குமுதா பல்லைக் கடித்தாள்.

"அவரு படத்தைப் பாக்கிறாரா இல்லையான்னு தெரிய வேணாமா?"

மனுஷன் எப்போதாவது ஒரு தடவை சரியாகப் பேசுவார், அது அன்றைக்கு அமைந்தது.

ஆறு படம் போயிற்று, ஆறு குரல் பதிவு வந்தது. முதல் பெயருக்கு ஒன்பது பெர்சன்ட், இரண்டாவதுக்கு அறுபத்தொன்று. ஒன்றில் மாதவிடாய் நின்று நாலு வருடம், இன்னொன்றில் வருகிற தை மாதம்தான் நிற்கும். ஒன்று மூன்று பிள்ளை பெற்ற வயிறு, ஒன்று கல்யாணமே ஆகாத ஜாதகம். பக்கிரிசாமியின் போனுக்கு வந்ததுதான் உச்சம். "தாயே, வைரத் திட்டம் முடிஞ்சதும் உன் புருஷன் உன் முந்தானையை விட்டு நகர மாட்டான்."

"எவன் அவன்?" என்றார் பக்கிரிசாமி.

லோரியைப் பற்றி ஆறு பதிவிலும் மூச்சு இல்லை. வைரத் திட்டம் மட்டும் ஆறு பேருக்கும் ஒரே குரலில் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை குமுதா ஆறு போனையும் பையில் போட்டுக்கொண்டு, பக்கிரிசாமியோடு பிரிக்ஃபீல்ட்ஸ் போனாள். மாடியில் இருநூறு பெண்கள். ஏர்கான் பதினாறில் ஓடியது. உள்ளே நுழைந்தவர்கள் சிலிர்த்து, "அருள் எறங்குது, அருள் எறங்குது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மலர்விழி முதல் வரிசையில் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். சாட்சி சொல்லப் போவதாகக் குமுதா மைக் கேட்டாள். அடிகளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி, தானே எடுத்துக் கொடுத்தார்.

ஆறு குரல் பதிவையும் மைக்கில் ஓடவிட்டுவிட்டு, "இதெல்லாம் உங்க வாக்குதானே அடிகளே?" என்றாள்.

"என் வாக்கேதான் தாயே. ஆறு தாய்மார், ஆறு உடம்பு, ஆறு விதி."

"படத்தை நல்லாப் பாத்துத்தானே சொன்னீங்க?"

"ரேகை ரேகையாப் பாத்தேன்."

"அந்தக் கையில மருதாணி போட்டிருந்துச்சு. என்ன படம்னு சொல்லுங்க பாப்போம்."

அடிகள் ஒரு கணம் கண்ணை மூடினார். "தாமரை" என்றார். குமுதா அசையவில்லை என்றதும், "தாமரையில் மயில்" என்றார். "மயில்மேல்..."

"ஆறு தாய்மாரும் மேடைக்கு வாங்க" என்று குமுதா கூப்பிட்டாள்.

மீசையை முறுக்கிக்கொண்டு பக்கிரிசாமி ஏறினார். இடது கையை உயர்த்தினார். முன்வரிசையில் ஒருத்தி சத்தமாக எண்ணினாள். "ஏய்... லோரி லா! பத்து டயர்!" ஆறு போனும் கூட்டத்தில் கைமாறின. ஆறிலும் அதே கை, அதே லோரி. சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போய்ச் சுவரில் மோதித் திரும்பியது.

"இது சூட்சுமம்" என்றார் அடிகள். "சில ஆண்களுக்குள்ளும் தாய்மை..."

"ஆறு தாய்மையா சாமி?" என்று பக்கிரிசாமி பணிவாகக் கேட்டார்.

ஆனால் மலர்விழி எழுந்தாள். தங்கத் திட்டம் லேசில் விடாது. "எல்லாம் சரிக்கா, இங்க வந்து உக்காந்தா உடம்பு குளுகுளுன்னு ஆகுதே, அது எப்படி?"

குமுதா மேசையிலிருந்த ரிமோட்டை எடுத்து ஏர்கானை அணைத்தாள். கதவருகே போய் நின்றுகொண்டாள். "பத்து நிமிஷம் பாப்போம்" என்றாள்.

பத்து நிமிடம் தேவைப்படவில்லை. ஐந்தாவது நிமிடம் இருநூறு விசிறிகளும் வெளியே வந்தன. ஏழாவது நிமிடம் அடிகளின் நெற்றியில் விபூதி கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. காவிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஊருக்கெல்லாம் தொலைவிலிருந்தே குளிர்ச்சி ஏற்றியவர், பக்கத்திலிருந்த தனக்கு ஏற்றிக்கொள்ள முடியாமல் துண்டைத் தேடினார்.

மலர்விழி அவரை மேலும் கீழும் பார்த்தாள். தன் கைவிசிறியை அவரிடம் நீட்டினாள். "உங்களுக்கு எத்தனை பெர்சன்ட் அடிகளே மிச்சம்?"

அடிகள் பின்படி வழியாக இறங்கிப் போனார். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகத்தான் சொன்னார். அன்றைக்கே மலர்விழி தலைமையில் நாற்பது பெண்கள் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார்கள்.

குமுதா பிரஷர் மிஷினை அலமாரியிலிருந்து இறக்கினாள். ஒரு வாரம் பிரஷர் எழுதினாள், மாமோகிராம் எடுத்தாள், முப்பத்தொரு கேள்விக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னாள். டாக்டர் சிந்துஜா ஜெல் எழுதிக் கொடுத்து, "மந்திரம் மாதிரி நடக்காதுக்கா, சில வாரம் ஆகும். ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா உடனே சொல்லுங்க" என்றார். பள்ளி திறந்தபோது வேனை விற்கவில்லை, முதல் மூன்று வாரம் பக்கிரிசாமிதான் ஓட்டினார். அவரிடமும் அதற்கான லைசென்ஸ் இருந்தது. மங்கிப்போன மருதாணியைக் காட்டச் சொல்லிப் பிள்ளைகள் தினமும் அவர் உயிரை எடுத்தார்கள்.

நாலாவது வாரம் ஒரு விடியலில் கண் விழித்த குமுதா, படுத்தபோது போட்ட நைட்டியே உடம்பில் இருப்பதைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு முகம் கழுவி, வேன் சாவியை எடுத்துக்கொண்டாள்.

வேனைக் கிளப்பும்போது மலர்விழி வேலியோரம் ஓடி வந்தாள், கையில் போன். "அக்கா, பத்துமலை பக்கம் புதுசா ஒருத்தர் வந்திருக்காராம், தைராய்டு சித்தராம். பாதத்தைப் படம் எடுத்து அனுப்பினாப் போதுமாம்!"

"உன்னை ஏதாவது கேள்வி கேட்டாரா?"

"ஒண்ணுமே கேக்கலக்கா. அதான் நல்லா இருக்கு."

குமுதா கியரைப் போட்டாள். "அவரு கேக்கலன்னா நீயாவது கேளு லா, கடவுள் வாயை எதுக்கு வச்சிருக்காரு, தாயேன்னு கூப்பிட்டா திறந்துக்கிட்டு நிக்கவா?"