இடது பக்கக் கதவும் இங்கிலாந்துக் கொம்பனியும்

இங்கிலாந்தோட சண்டை பிடிக்கிறதெண்டு நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். அந்த நேரம் என்ர மனுசியின்ர ஒரு கால் காருக்குள்ள இருந்தது. மற்றக் கால் காலி றோட்டுக்கு மேல தொங்கிச்சுது. கார் ஓடிக்கொண்டிருந்தது.

முதல்ல நான் ஆரெண்டு சொல்லிப்போடுறன். பேர் இரத்தினசிங்கம். வெள்ளவத்தையில சுருட்டுக்கடை. படிப்பு அஞ்சாம் வகுப்பு. அதிலயும் கடைசி ரெண்டு வருசம் தண்டனையா வாங்குப் பலகைக்கு மேல ஏறி நிண்டு படிச்சது. ஆனா ஒரு வித்தை கையில இருக்கு. ஒராளை ஒருக்காப் பாத்தாக் காணும், அந்தாளைப் போலவே நடந்தும் கதைச்சும் காட்டிப்போடுவன். கடைக்குச் சுருட்டு வாங்க வாறவை பாதி, என்ர கூத்துப் பாக்க வாறவை பாதி. கூத்துப் பாக்க வாறவை சுருட்டு வாங்கிறேல்லை.

முந்தி வீட்டிலயும் ஒராள் சிரிச்சது. என்ர மனுசி கனகேஸ்வரி. ஒரே மகளைக் கட்டிக்குடுத்து மலாயாவுக்கு அனுப்பினம். அண்டைக்குத் துறைமுகத்தில பிள்ளையோட சேந்து அந்தச் சிரிப்பும் கப்பலேறிப் போட்டுது. வீட்டில மிச்சம் ரெண்டு பேர். கதைக்கிறது ஒராள். அந்த ஆள் நான். நான் கூடக் கூடக் கதைக்க, அவ குறையக் குறையக் கதைச்சா. கடைசியில "சாப்பாடு போடட்டோ?", "கேற்றைச் சாத்துங்கோ" எண்ட ரெண்டு வசனத்தில வந்து நிண்டுது.

அதுக்குத்தான் கார் வாங்கினனான். புதுக் கார். இங்கிலாந்தில பிளிம்ப்டன் கொம்பனி செய்தது. ரெண்டாம் உலகச் சண்டை துவங்கிறதுக்கு ரெண்டு வருசம் முந்தி. பக்கத்தில இருத்திக்கொண்டு கோல்பேஸ் பக்கம் போனா, கடல்காத்துப் பட்டாவது வாய் திறக்கும் எண்டு நினைச்சன்.

வாய் திறக்கேல்லை. கதவு திறந்தது.

கோல்பேசால திரும்பி வந்து, காலி றோட்டில இருந்து வலது பக்கம் எங்கட ஒழுங்கைக்கு வளைக்கிறன். இடது பக்கக் கதவு தன்பாட்டில 'வாங்கோ' எண்டு விரிஞ்சுது. கனகம் சீலையோட வெளியில சரிஞ்சா. ஒரு கையால என்ர சேட்டைப் பிடிச்சா, சேட்டு கிழிஞ்சுது, ஆள் தப்பிச்சுது. செருப்பு ஒண்டு றோட்டில விழ, பின்னால வந்த மாட்டு வண்டில் அதை அப்பளம் ஆக்கிப்போட்டுப் போனது.

வீட்டு வாசலில இறங்கி, ஒற்றைச் செருப்போட நிண்டு, அந்த வருசத்தின்ர நீளமான வசனத்தைச் சொன்னா.

"இனி நான் முன் சீற்றில இருக்கமாட்டன்."

"கதவைத் திருத்தினா?"

"திருத்தினாப் பிறகு கதைப்பம்."

அண்டையில இருந்து அவ பின் சீற். நான் முன் சீற். என்ர பக்கத்தில ஒரு குடை.

பின்னுக்கு ஒரு பொம்பிளை நேராய் நிமிந்து இருக்க, முன்னுக்கு ஒருத்தன் தனியக் கார் ஓட்டினா, கொழும்பில அவனுக்கு என்ன பேர்? வெள்ளிக்கிழமை ஜிந்துப்பிட்டிக் கோயிலடியில காரை நிப்பாட்டினன். பொலிஸ்காரன் ஓடிவந்தான். "ஏய் றைவர், மெத்தன பா!" எண்டு, இங்க நிப்பாட்டேலாதெண்டு சிங்களத்தில என்னைப் பாத்துக் கத்தினான். பிறகு பின்பக்கம் குனிஞ்சு, "சமாவென்ன, நோனா" எண்டு, சீமாட்டியிட்ட மன்னிப்புக் கேக்கிற மாதிரிக் குழைஞ்சான். நோனா தலையை ஆட்டி அவனை மன்னிச்சா. "இவர் என்ர மனுசன்" எண்டு ஒரு சொல் சொல்லலாம்தானே? இல்லை.

கொட்டாஞ்சேனையில ஒரு கலியாணவீடு. கனகத்துக்குச் சந்தனம் பூசி, கூட்டிக்கொண்டு உள்ளுக்குப் போச்சினம். என்னைக் கிணத்தடிப் பக்கம் காட்டிவிட்டினம். அங்க நாலு றைவர்மார் இருந்து சாப்பிடுகினம். எனக்கும் ஒரு இலை வந்தது. பொய் சொல்லக்கூடாது, அங்கதான் சோறு சுடச்சுட.

"உங்கட நோனா எப்பிடி அண்ணே?" எண்டு ஒருத்தன் கேட்டான்.

"நல்லவ. ஆனா என்னோட கதைக்க மாட்டா."

"எங்கட நோனாவும் அப்பிடித்தான். நீங்கள் மனசில வைக்காதேங்கோ" எண்டு அவன் எனக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு விட்டான்.

கண்ணாடியில அவவைப் பாக்கலாம் எண்டு நினைச்சன். நான் எவ்வளவு திருப்பினாலும் அந்தக் கண்ணாடிக்குள்ள மூக்குத்தி மட்டும்தான் தெரிஞ்சுது. வெள்ளவத்தையில இருந்து கோல்பேஸ் மட்டும் அந்த மூக்குத்திக்கு நான் எல்லாரையும் நடிச்சுக் காட்டுவன். மூக்குத்தி சிரிக்குமோ? அங்க போய்ச் சேந்து, அவ பின்னுக்கிருந்து கடலைப் பாப்பா, நான் முன்னுக்கிருந்து கடலைப் பாப்பன். இருட்ட முந்தித் திரும்பி வருவம்.

கதவைப் பற்றி முறையிடக் கொழும்புக் கோட்டைக்குப் போனன். அங்க கொம்பனியின்ர ஏஜன்ற் துரை. பல்லுக்கிடையில பைப்பை வைச்சுக்கொண்டு கதைக்கிறதால அவர் பேசுற இங்கிலீஸ் பாதி புகையாத்தான் வரும். அங்க ரைப் அடிக்கிற இமெல்டா எண்ட கொட்டாஞ்சேனைப் பிள்ளைதான் எங்களுக்கு நடுவில தமிழ். துரை தானே காரை எடுத்துக் கோட்டையை நாலுதரம் சுத்தினார். கதவு அசையேல்லை.

"கதவு நல்லாயிருக்காம், ஐயா."

"பிள்ளை, அது என்ர மனுசிக்கு மட்டும்தான் திறக்குதெண்டு சொல்லு."

துரை பைப்பை வாயால எடுத்துப்போட்டு ஏதோ சொன்னார். "இங்கிலாந்துக்கு எழுதட்டாம்" எண்டாள் இமெல்டா.

எழுதுறது ஆர்? எனக்குக் கையெழுத்தே ஒரு கிழமை வேலை. கனகம் மிஷன் பள்ளிக்கூடத்தில எட்டாம் வகுப்பு வரைக்கும் இங்கிலீஸ் படிச்சவ. கடுதாசியும் மையுமா மேசையில வந்து என்ர பக்கத்தில இருந்தா.

"எழுதும். டேய் களவாணியளே!"

"டேய்க்கு இங்கிலீஸ் இல்லை."

"அப்ப என்னெண்டு துவங்கிறது?"

"டியர் சேர்."

"டியரோ? அவன் என்ன எனக்கு மச்சானோ?"

"சொல்லுங்கோ, மை காயுது."

நான் எழும்பி நிண்டு, கதவு திறந்த மாதிரி, செருப்பு விழுந்த மாதிரி, மாடு பாத்த மாதிரி எல்லாம் நடிச்சுக் காட்டி, அரை மணித்தியாலம் சொன்னன். அவ நாலு வரி எழுதி உறையை ஒட்டினா.

"இவ்வளவுதானோ?"

"இங்கிலீஸ் சுருக்கமான பாஷை."

கடிதம் மெயில் கப்பலில போய், மறுமொழி வர ஆறு கிழமை. நான் மேசையில குந்திக்கொண்டிருப்பன். அவ வாசிப்பா.

"கவனத்தில எடுத்திருக்கினமாம்."

அடுத்தது. "விசாரிக்கினமாம்."

அதுக்கடுத்தது. "இன்னும் விசாரிக்கினமாம்."

உண்மையைச் சொல்லட்டே? எனக்குக் கோபம் வரேல்லை. கடிதம் எழுதுற நாளில மட்டும்தான் அவ என்ர பக்கத்தில ஒரு கதிரையில இருந்தா. பூட்டு வராட்டிலும் பறவாயில்லை, மறுமொழி வந்தாக் காணும் எண்டு கூட நினைச்சிருக்கிறன். ஆனா முன் சீற் முன் சீற்தானே. அதில குடை எவ்வளவு நாளைக்கு இருக்கும்?

இதுக்குள்ள காரில ரெண்டாவது நோய் ஒண்டு கண்டுபிடிச்சன். நான் கடைக்கு நடந்து போறனான். பகல் முழுக்கக் கார் கொட்டகைக்குள்ள நிக்கும். நிக்கிற காரில பெற்றோல் குறையுது! கார் எனக்குத் தெரியாமல் குடிக்குது!

"எழுதும், கனகம். இது கார் இல்லை, குடிகாரன் எண்டு எழுதும்."

அவ எழுதினா. மறுமொழி வந்தது. "கொழும்பு வெக்கைக்குப் பெற்றோல் ஆவியாப் போகுமாம்."

வெள்ளைக்காரன் சொன்னாச் சரியாத்தானே இருக்கும்? அடுத்த நாளில இருந்து காலமை கடைக்குப் போக முந்தி, ஒரு சாக்கை நனைச்சுக் கார் மூஞ்சைக்கு மேல போட்டிட்டுப் போவன், காய்ச்சல்காரனுக்குத் துணி போடுற மாதிரி. பின்னேரம் வந்து பாத்தா, சாக்குக் காய்ஞ்சு, நாலா மடிச்சுத் தட்டில இருக்கும். கனகம் சுத்தக்காரி எண்டு எனக்குள்ள பெருமை.

பதினோராம் மாதம் தபால்காரன் கடை வாசலில வைச்சே கடிதத்தை நீட்டினான். தடிச்ச கடிதம். பூட்டு இதுக்குள்ளதான் இருக்கெண்டு தடவிப் பாத்தன், இல்லை. வீட்டுக்குப் போகப் பொறுமையில்லை. பஸ் பிடிச்சுக் கோட்டைக்குப் போனன். துரை இல்லை. இமெல்டா உறையைக் கிழிச்சாள்.

"ஐயா, இது உங்களுக்கில்லையே. டியர் மேடம் எண்டு கிடக்கு."

"எழுத்துப்பிழையா இருக்கும். வாசி பிள்ளை."

"உங்கட எட்டாவது கடிதம் கிடைச்சு எல்லாரும் சந்தோசப்பட்டவையாம். ஏப்ரலில தாங்கள் அனுப்பின புதுப் பூட்டை நீங்கள் அரிசிப் பானைக்குள்ள வைச்சிருக்கிறது நல்ல யோசினையாம். கறள் பிடியாதாம்."

"பிள்ளை, ஒருக்கால் உறையைப் பார். வேற ஆற்றையும் கடிதம் போல கிடக்கு."

"மிசிஸ் இரத்தினசிங்கம், வெள்ளவத்தை."

மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னன்.

"நீங்கள் கேட்டபடி, 'விசாரிக்கிறம்' எண்டு இன்னும் மூண்டு கடிதம் அனுப்பத் தயாராம். பெற்றோலைப் பற்றி... நிக்கிற கார் பெற்றோல் குடிக்குதெண்டா அதை ஆரோ ஓட்டுகினம் எண்டதுதான் தங்கட அனுபவமாம். அது நீங்கள்தான் எண்டு அறிஞ்சது ஆறுதலாம். லைசன்ஸ் சோதினை பாஸ் பண்ணினதுக்கு ஃபக்டறி ஆக்கள் எல்லாரும் வாழ்த்துச் சொன்னவையாம்."

இமெல்டா கையால வாயைப் பொத்தினாள்.

"இன்னும் இருக்கோ?"

"ஒரு வரிதான், ஐயா. உங்கட கணவர் கதைக்கேக்க ரெண்டு கையையும் ஸ்ரியறிங்கில வைக்கப் பழகின உடன அறியத் தரட்டாம். அதுவரைக்கும் இந்த ஃபைலைத் தாங்கள் மூடேலாதாம்."

திரும்பி வந்த பஸ்ஸில பக்கத்தில இருந்தவர் "வெக்கை, என்ன?" எண்டார். எனக்கு வாயே வரேல்லை. பூட்டுக்காகவோ பெற்றோலுக்காகவோ இல்லை. எங்கையோ குளிருக்குள்ள இருக்கிற முகம் தெரியாத ஒருத்தனுக்கு, அரிசிப் பானை வரைக்கும் எல்லாம் எழுதியிருக்கிறா. எட்டுக் கடிதம். பின் சீற்றில இருந்து எனக்கு எட்டு வசனம் சொல்லேல்லை.

வீட்டை வந்து நேர குசினிக்குப் போய் அரிசிப் பானைக்குள்ள கையை விட்டன். பூட்டுச் சில்லெண்டு கிடந்தது. கனகம் வாசலில வந்து நிண்டா.

"இது என்ன?"

"பூட்டு."

"அது தெரியுது!"

"தெரிஞ்சா ஏன் கேக்கிறியள்?"

"உமக்குக் கார் ஓட்டக் காட்டித் தந்தது ஆர்?"

"அடுத்த ஒழுங்கை மாக்ரெட்." மாக்ரெட் மருத்துவிச்சி. சொந்தக் காரில போய்ப் பிள்ளை பிறப்பிக்கிறவ. "பகலில சும்மா இருக்கேலாமல் கிடந்தது. பிள்ளையும் இல்லை. பழகினன்."

"பழகினது சரி. பூட்டை ஏன் ஒளிச்சனீர்?"

"கதவு திறந்த அண்டைக்கு உங்கட கை ரெண்டும் எங்க இருந்தது?"

யோசிச்சுப் பாத்தன். அண்டைக்கு நான், முன்வீட்டு முத்துலிங்கத்தார் சுடுகோப்பி குடிக்கிற மாதிரிக் காட்டிக்கொண்டு வந்தனான். ஒரு கையில கோப்பை. மற்றக் கையில பீரிஸ் தட்டு.

"கதவுக்குப் பூட்டு வந்திட்டுது," எண்டா கனகம். "உங்கட கைக்கு எந்தக் கொம்பனிக்கு எழுதுறது?"

"இதை என்னட்டையே சொல்லியிருக்கலாம்தானே?"

"எப்ப?"

ஒரு சொல். நான் மறுமொழி சொல்ல வாயைத் திறந்தன். காலமை கண் முழிச்சதில இருந்து படுக்கிறமட்டும் என்ர நாள் முழுக்க ஒருக்கா மனசில ஓட்டிப் பாத்தன். அவ ஒரு சொல் வைக்கிறதுக்கு ஒரு இடுக்குக் கிடைக்குமோ எண்டு தேடினன். திறந்த வாயைத் திருப்பி மூடினன்.

சனிக்கிழமை புதுப் பூட்டுப் போட்டாச்சு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குடையை எடுத்து உள்ளுக்கு வைச்சிட்டு, இடது பக்கக் கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டன். இனி ஒரு சாட்டும் இல்லை. கனகம் சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்தா. என்னைக் கடந்து போனா. காரைச் சுத்தி மற்றப் பக்கம் போய், ஸ்ரியறிங்குக்கு முன்னால ஏறி இருந்தா.

"ஏறுங்கோ. இனி ரெண்டு கையாலயும் ஆசை தீர நடியுங்கோ."

ஏறினன். நடிக்கக் கையைத் தூக்கினன். கார் பாய்ஞ்சுது! ஒரு கையால கதவைப் பிடிச்சன், மற்றக் கையால சீற்றைப் பிடிச்சன், நாக்கை எதாலயும் பிடிக்கத் தேவையில்லாமல் அது தானே ஒட்டிக்கொண்டுது. பம்பலப்பிட்டியில ஒரு பஸ்ஸை முந்தினா. நான் முருகனைக் கூப்பிட்டன், அதுவும் மனசுக்குள்ள.

அவ கதைக்கத் துவங்கினா. மகள் கப்பல் ஏறின அண்டைக்குத் தான் சாப்பிடாமல் இருந்ததை நான் கவனிக்கேல்லை எண்டா. பகலில வீடு கிடங்கு மாதிரிக் கிடக்குமெண்டா. லைசன்ஸ் சோதினையில இன்ஸ்பெக்டர் பயந்து கண்ணை மூடினதைச் சொன்னா. பின் சீற்றில இருந்து எத்தினையோ தரம் சீலைத் தலைப்பைக் கடிச்சுக்கொண்டு சிரிச்சதாம். சத்தமாச் சிரிச்சா நான் திரும்பிப் பாத்து ஒருதரையாவது காரால அடிச்சுப்போடுவன் எண்டு பயமாம். பிறகு என்னை நடிச்சுக் காட்டினா. "டேய் களவாணியளே!" எண்டு அச்சு அசல் என்ர குரல். கை ரெண்டும் ஸ்ரியறிங்கில.

கோல்பேசில காரை நிப்பாட்டினா. வெள்ளவத்தையில ஏறினதில இருந்து அந்த நிமிசம் மட்டும் என்ர வாயால ஒரு சொல் வெளிக்கிடேல்லை. கனகம் கடலைப் பாத்து ஒரு பெருமூச்சு விட்டிட்டு, என்னட்டைத் திரும்பினா.

"எத்தினை வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் நாங்கள் ரெண்டு பேரும் வடிவாக் கதைச்சம், என்னப்பா?"