பத்திரத்துக்கு முன்னால் வந்த காலண்டர்

எங்கள் ஊரில் அடுத்த வருடம் ஆடி மாதமே வந்துவிடும். சிவகாசி, திருத்தங்கல் அச்சகங்கள் ஆடிப் பெருக்கு சமயத்திலேயே புது வருடக் காலண்டரை அடித்துக் காட்டியாக வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு, நடக்காததை நடந்துவிட்டதாக நினைப்பது ஒரு வியாதி. எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் எனக்கு டிசைன் வேலை. வாடகை வீட்டில் அலுத்துப்போயிருந்த சமயத்தில் மாடி வைத்த பழைய வீடு ஒன்று விலைக்கு வந்தது. சங்கரலிங்கம் அண்ணாச்சியின் அப்பா கட்டிய வீடு. என் மனைவி செல்வி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒங்க கூடப்பொறந்தவுக யாரும் இருக்காகளா அண்ணாச்சி?"

"நான் ஒத்தப் பிள்ளை மாதிரிதாம்மா வளந்தேன்."

அந்த 'மாதிரி' செல்விக்கு உறுத்தியது. "பெரிய மனுசன்ட்ட இப்படியா கேப்ப?" என்று நான் அவளை அடக்கினேன் (வேறெதில் வீரம் காட்ட?).

வக்கீலிடம் போகலாம் என்றாள். வக்கீல் எதற்கு? கிரய ஒப்பந்தத்தை நானே கம்ப்யூட்டரில் தயாரித்தேன். ஓரமெல்லாம் பூங்கொடி, கல்யாணப் பத்திரிகை தோற்றது. மூன்று மாதத்துக்குள் நான் கிரயம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வராது என்று அண்ணாச்சி சொல்ல, அதைத் தடித்த எழுத்தில் போட்டேன். வீட்டில் வேறு யாருக்காவது பங்கு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. வாரிசுச் சான்றிதழும் கேட்கவில்லை. செல்வியின் வளையல்கள் அட்வான்ஸாகப் போயின.

அதற்குள் ஆடி வந்துவிட்டது. அச்சகத்தில் மிஞ்சிய தாளில் எனக்கென்று காலண்டர் அடித்து ஊருக்கும் உறவுக்கும் கொடுத்தேன். மேலே அந்த வீட்டின் படம், கீழே 'எங்கள் இல்லம்' என்று என் பெயர், அந்த வீட்டு விலாசம்.

லேபிள் லோடு இறக்க வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனபோது ஒரு கட்டு எடுத்துப்போனேன். சாப்பாட்டு நேரம். ஓட்டுக் கேட்பவன் போலக் கும்பிட்டு, வேலையாட்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன். ஓர் அக்கா மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீடுதான் அக்கா. நல்லா இருக்கா?"

"இந்தப் படி கட்டுறப்ப நாந்தான் தண்ணி ஊத்துனேன் தம்பி. எங்கப்பா கட்டுன வீடு. இதுல ஒங்க பேரு எப்ப வந்துச்சு?"

வேலம்மாள் அக்கா, அண்ணாச்சியின் கூடப்பிறந்த அக்கா. அப்பா உயில் எழுதாமல் இறந்ததால் வீட்டில் சரிபாதி அவருக்கு. கல்யாணத்தில் நகை போட்டதோடு பெண்ணின் பங்கு தீர்ந்தது என்பது எங்கள் பக்கத்து ஆண்கள் தாங்களாகவே போட்டுக்கொண்ட சட்டம். அதைக் கோர்ட்டும் ஒத்துக்கொள்ளாது, அக்காவும் ஒத்துக்கொள்ளவில்லை.

நானும் செல்வியும் பைக்கில் பறந்து போனபோது அக்கா ஏற்கெனவே பஸ் பிடித்து வந்து அந்த வீட்டுக் கூடத்தில் அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அட்வான்ஸத் திருப்பிக் குடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"நீங்க எழுதுன ஒப்பந்தத்துல அப்படி இருக்கா?" என்று பூங்கொடி போட்ட அந்தத் தாளை என் முன்னால் நீட்டினார். அழகாகத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. செல்வி வெறுங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"ஏலே சங்கரா, எம் பங்கக் குடு, கையெழுத்துப் போடுறேன். இல்லைன்னா இங்கனயேதான் இருப்பேன்" என்றார் அக்கா.

சொன்னபடி பாய், சட்டியோடு குடியேறினார். அங்கிருந்தே வேலைக்குப் போய்வந்தார். ஊரெல்லாம் என் காலண்டர் தொங்கியதால் அண்ணாச்சியால் வேறு ஆளுக்கும் விற்க முடியவில்லை. தைப்பொங்கலுக்கு அந்த விலாசத்தில் எங்களைத் தேடிவந்த உறவினர்களுக்கெல்லாம் அக்காதான் காப்பி கொடுத்து, "அவுக இன்னும் வாடகை வீட்லதான் இருக்காக" என்று வழி சொல்லி அனுப்பினார். பங்குனியில் அண்ணாச்சி மூன்று மாதக் கெடுவையும் மறந்து இறங்கிவந்து அக்கா பங்கைக் கொடுத்தார். எங்கள் பேருக்கு எழுதிய பத்திரத்தில் அக்காவும் தம்பியும் கையெழுத்துப் போட்டார்கள்.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க ஆமத்தூரிலிருந்து வந்தார்கள். பையனின் அப்பா பெருமையாக, "இவன் எங்களுக்கு ஒத்தப் பிள்ளை மாதிரி" என்றார்.

அடுக்களையிலிருந்து செல்வியின் குரல் வந்தது.

"மாதிரியா? அக்கா எந்தக் கம்பெனில வேலை பாக்காகன்னு கேளுங்க!"