முகூர்த்தப் பட்டும் வெள்ளைக்காரர் கல்லறையும்

பழைய கல்லறை என்றால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் ஊட்டிக்குப் போய்ப் பூவைப் பார்த்து மயங்குவார்கள். நான் கல்லில் வெட்டிய எழுத்தைப் பார்த்து மயங்குவேன். (நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை எங்களுடையது. இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்து தொலைந்தது என்று எங்கப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை.) அந்தக் கிறுக்கில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

நிச்சயம் முடிந்து, முகூர்த்தப் பட்டு எடுக்க இரண்டு குடும்பமும் சேலத்துக்குப் போயிருந்தோம். பெண் நிவேதா, எருமப்பட்டிக்காரி. அதுவரை அவளோடு நான் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். சேலை எடுத்தாயிற்று. மற்றவர்களுக்குத் துணி எடுக்க எல்லோரும் மறுபடி மாடியேறினார்கள். நிவேதாவின் பெரியம்மா பட்டுப் பையை என் கையில் கொடுத்து, என்ன ஆனாலும் தரையில் மட்டும் வைக்கக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். நானும் மூன்று தடவை தலையாட்டினேன்.

காற்று வாங்க வெளியே வந்தேன். இரண்டு தெரு தள்ளி வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைத் தோட்டம். நான் எப்போது போனாலும் பூட்டியே கிடக்கிற கேட், அன்றைக்குப் பார்த்துத் திறந்து கிடந்தது. சும்மா இருப்பேனா? ஐந்தே நிமிசம் என்று உள்ளே பாய்ந்தேன்.

அடடா, அடடா! எதை முதலில் பார்ப்பது என்றே தெரியவில்லை. ஓடினேன், குனிந்தேன், தடவினேன். ஒரு கல்லில் புருசன், பெண்டாட்டி இரண்டு பேர் பெயரும் இருந்தது. அதற்குக் கீழே எழுத்தெல்லாம் பாசி. தேய்க்க இரண்டு கையும் வேண்டும். பையை எங்கே வைப்பது? தரையில் வைக்கக் கூடாதே. சொன்ன சொல் மீறாத உத்தமன், கல்லறை மேலேயே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா, பட்டு பத்திரமா என்று கேட்டார். இருந்த குஷியில் பையை அப்படியே படமெடுத்து, தரையில் வைக்கவே இல்லீங்க என்று பெருமையாக எழுதி அனுப்பினேன். படத்தில் பைக்குப் பின்னால் ஆளுயரச் சிலுவை. எங்கப்பா உடனே குழுவை விட்டு விலகினார்.

பத்து நிமிசத்தில் கேட் முன்னால் மொத்தச் சொந்தமும் நின்றது. ஒருத்தரும் உள்ளே கால் வைக்கவில்லை. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று பெரியம்மா ஆரம்பித்துவிட்டார். மாமனார் கோழிப்பண்ணைக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர்.

"ஏனுங் மாப்ள, முகூர்த்தப் பட்டக் கொண்டாந்து சுடுகாட்டுலயா வெப்பாங்க?"

"இங்க நூறு வருசமா யாரையும் பொதைக்கலீங் மாமா."

"பொணத்துக்கு வயசு பாக்கறது உண்டுங்களா?"

நிவேதாவை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. (தெரிவதற்கு நேரம் பார்த்தது பாருங்கள்.)

அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெரியம்மா கையை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே வந்தாள். எந்தக் கல் என்று கேட்டாள். காட்டினேன். பெண்டாட்டி கண்மூடிய பிறகும் சீமைக்குத் திரும்ப மனசில்லாமல் அந்தப் புருசன் இங்கேயே இருபது வருசம் கிடந்து செத்த கதையை, பாசியைத் தேய்த்துப் படித்த இங்கிலீஷிலிருந்து தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னேன். கல்லில் இருந்த இரண்டு பெயரையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"இந்தச் சேலையே இருக்கட்டுங்ப்பா."

பெண்ணே போய் வந்த பிறகு சேலையை மட்டும் மாற்றி என்ன பிரயோசனம்? எதிர்க் கடையில் மஞ்சள்தூள் வாங்கி, இரண்டு குடம் தண்ணீரில் கரைத்து, நடுத்தெருவில் எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஊற்றினார்கள். டவுன் பஸ் ஒன்று நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. பல்லுக் கிடுகிடுக்க நானும் அவளும் சிரித்த சிரிப்பில் பெரியம்மாவுக்கு இன்னும் கோபம் ஏறியது.

இப்போதும் எங்களுக்குள் சண்டை வந்தால் நிவேதா போன் போடுவது அவள் அப்பாவுக்குத்தான். என் மேல் அவள் அடுக்குகிற குற்றம் அத்தனையையும் அவர் பொறுமையாகக் கேட்பார். கடைசியில் ஒரே பதில்தான்.

"நாங்க அத்தன பேரும் வெளியதான சாமி நின்னோம். நீதான உள்ள போன?"