பிரேக்கில் காற்று ஏற்றியவன்

பிழை திருத்திப் பிழைப்பவனுக்கு ஒரு நோய் உண்டு. தப்பாக எழுதுவது, தப்பாகப் படிப்பது, தப்பாகக் கேட்பது எல்லாம் மற்றவர்கள் வேலை என்று நம்பிவிடுவான். தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்தபோது எனக்கு அந்த நோய் முற்றியிருந்தது. மல்லேஸ்வரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது குணமானது.

நான் சென்னை வியாசர்பாடிக்காரன். அந்த ஊருக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கன்னடத்தில் 'பேக்கு', 'பேடா' இரண்டும் தெரியும். (வேண்டும், வேண்டாம். ஹோட்டலில் சாப்பிட இது போதும்.) சுகந்தி எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைப்பவள். கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம். அவள் அப்பா சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

அவள் அப்பா ஏகாம்பரம் சார் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக பெங்களூர்த் தமிழர். வாசலில் ஒரு பச்சை நிறக் கார் வைத்திருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தது. மெக்கானிக் ஒருவரையும் அதைத் தொட விட்டதில்லை. ஏற்கெனவே இரண்டு வரன்களைத் தட்டிக் கழித்திருந்தார். ஒருவன் கார்க் கதவை ஓங்கிச் சாத்தினான். இன்னொருவன், "இதை இன்னும் வித்துடலியா?" என்று கேட்டான்.

"உங்களுக்கு வண்டி வேலை தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் சுகந்தி.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"ஞாயித்துக்கிழமை பக்கத்துல வாகனப் பராமரிப்பு நீங்கதானே பாக்கறீங்க?"

பார்த்தது உண்மை. கிளட்ச் என்று வந்த இடத்திலெல்லாம் 'உரசிணைப்பி' என்று மாற்றியவன் நான்தான். அதைத் தாண்டி எனக்கும் அந்தப் பொருளுக்கும் எந்த உறவும் கிடையாது. கார் ஓட்டவும் தெரியாது.

"அப்பா என்ன சொன்னாலும் ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க. சொன்னதைச் செய்யுங்க. அது போதும்" என்று சொல்லி அனுப்பினாள்.

நான் போனபோது அவர் காக்கி அரை டிராயரில் இருந்தார். "வாங்க தம்பி, டிபன் ஆச்சா? நல்ல நேரத்துல வந்தீங்க. பிரேக்கு பஞ்சு மாதிரி அமுங்குது. உள்ள காத்து பூந்துக்குனு இருக்கு. எடுத்துடலாம்."

வேலை சின்னதுதான். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சிறிய திருகு. அதில் ஒரு ரப்பர் குழாய், குழாயின் மறுமுனை ஊறுகாய் பாட்டிலில். உள்ளே ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும், அந்த நேரத்தில் கீழே இருப்பவர் திருகைத் திறக்க வேண்டும். எண்ணெயோடு காற்றும் குமிழியாக பாட்டிலுக்கு வந்துவிடும். திருகை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும், முன்னாலேயே எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். (இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்று எனக்குக் கிடைத்த பயிற்சி, "நடுவுல இருக்கிற பெடல்ல காலை வைங்க, நான் சொல்றப்ப சொல்றதைச் செய்யுங்க" என்ற ஒரே வாக்கியம்.)

ஏகாம்பரம் சார் வீட்டில் தமிழ் பேசுவார். ஆனால் தொழிலைக் கன்னடத்தில் கற்றவர். காருக்கு அடியில் தலை போனதும் மொழி மாறிவிடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

"ஒத்து!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

வியாசர்பாடியில் பிறந்த எவனுக்கும் 'ஒத்து' என்றால் நகர்ந்துகொள் என்று பொருள். தண்ணீர் லாரிக்கு முன்னால் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்ட சொல். பெடலிலிருந்து காலை எடுத்தேன். அந்தக் காலத்துக் காரில் முன்சீட்டு ஒரே நீளப் பலகை. இடப்பக்கக் கதவு வரை ஒத்தி உட்கார்ந்தேன்.

கீழே கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம். பிறகு, "பிடு!"

அவசரத்தில் 'பிடி'யைத்தான் அப்படி முழுங்குகிறார் என்று நினைத்தேன். அச்சுக்கோர்ப்பவர்கள் இதைவிட மோசமாக முழுங்கிப் பார்த்திருக்கிறேன். வலப்பக்கம் நகர்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஒத்து!" இடப்பக்கம் போனேன். "பிடு!" வலப்பக்கம் வந்தேன்.

எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. கீழே திருகுகிறவருக்காக மேலே இருக்கிறவன் ஏன் நகர வேண்டும்? யோசித்து ஒரு விடை கண்டுபிடித்தேன். உள்ளே பயங்கர அழுத்தம் இருக்கும், திறக்கும்போது பெடல் எகிறும், கால் முறியாமல் இருக்க இந்த ஏற்பாடு. மனுஷன் எவ்வளவு பொறுப்பானவர் என்று மரியாதை கூடியது.

சமையலறை ஜன்னலிலிருந்து சுகந்தி பார்த்தாள். 'என்ன இது?' என்று கையை விரித்தாள். கீழே விரலைக் காட்டி, 'அப்பா சொல்றார்' என்று உதட்டை அசைத்தேன். மறுபடி இடப்பக்கம் போனேன்.

நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து நாற்பது முறை. எண்ணினேன், எண்ணுவது என் பழக்கம்.

"குமுளியே வரலை தம்பி! சுத்தம்!" என்று கீழேயிருந்து மகிழ்ச்சிக் குரல். "ஆயில் கூட ஒரு சொட்டு வீணாகலை. பெடல் எப்படி இருக்கு? கல்லு மாதிரி இருக்கா?"

மிதித்துப் பார்த்தேன். கால் இறங்கிக்கொண்டே போய்த் தரையில் முட்டி நின்றது. முட்டிய இடம் கெட்டியாகத்தான் இருந்தது.

"கல்லு மாதிரி இருக்கு சார்."

அவர் எழுந்து கையைத் துடைத்து என் தோளைத் தட்டினார். "பசங்க வருவாங்க, அஞ்சு நிமிஷத்துல கால் வலிக்குதும்பாங்க. வாங்க, ஒரு ரவுண்டு போலாம்." சம்மதம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். ஜன்னலைப் பார்த்துச் சிரித்தேன்.

அவர்கள் தெரு சரிவானது. முதல் கியரில் கேட்டைத் தாண்டிக் கீழ்நோக்கித் திரும்பினோம். அவர் பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். என் பக்கம் திரும்பி, மெதுவாக, சுத்தமான தமிழில், "முருகா" என்றார். கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். வண்டி முனகி, ஏறக்குறைய நின்றது.

எதிரே நடுத்தெருவில் மூன்று பேர் பேசிக்கொண்டு நின்றார்கள். என்னால் ஆன உதவி என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினேன்: "ஒத்து! ஒத்துங்கப்பா! ஒத்து!"

மூவரும் திரும்பினார்கள். பழைய கார், உள்ளே பதற்றமாக ஒரு பெரியவர், அழுத்து அழுத்து என்று கெஞ்சும் ஒரு வாலிபன். (கன்னடத்தில் 'ஒத்து' என்றால் அழுத்து, தள்ளு. அதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் அதேதான்.) நல்ல ஊர், நல்ல மனிதர்கள். ஓடிவந்து பின்னால் போய்க் கைகொடுத்துத் தள்ளினார்கள்.

கைப்பிரேக் விட்டுக்கொடுத்தது. ஏகாம்பரம் சார் ஸ்டீயரிங்கை ஒடிக்க, ஐந்து வீடு தள்ளிக் கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த மணல் குவியலில் கார் மூக்கைப் புதைத்தது. யாருக்கும் அடி இல்லை. மூவரில் ஒருவர் மூச்சு வாங்க வந்து எட்டிப் பார்த்தார். "ஸ்டார்ட் ஆய்தா சார்?"

சுகந்தி கரண்டியோடு ஓடிவந்தாள். அவள் அப்பா மணலில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார்.

"நான் 'ஒத்து'ன்னப்ப நீங்க இன்னா பண்ணீங்க?"

"ஒத்திக்கிட்டேன் சார்."

"'பிடு'ன்னப்ப?"

"பிடிச்சேன் சார்."

"பிடுன்னா விடுன்னு அர்த்தம்யா!" தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்ப நான் காத்தை எடுக்கலை. நாலு சக்கரத்துக்கும் ஏத்தியிருக்கேன்." மறுபடி என் பக்கம் திரும்பினார். "நாப்பது தடவையும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் வந்தீங்களா?"

"ஆமா சார்."

"ஒரு தடவை கூட ஏன்னு கேக்கத் தோணலியா?"

சுகந்தியைப் பார்த்தேன். அவள் கரண்டியைப் பார்த்தாள். "பெரியவங்க சொல்றீங்க, காரணம் இருக்கும்னு..." என்றேன். எல்லாம் முடிந்தது, ஊருக்கு எந்த ரயிலில் போவது என்று மனசு கணக்குப் போட்டது.

ஏகாம்பரம் சார் மகள் பக்கம் திரும்பினார். "இவருக்கு வண்டி வேலை தெரியும்னியேம்மா."

"பேப்பர்ல போடுவார்ப்பா."

"அப்படிச் சொல்லு." எழுந்து டிராயரில் ஒட்டிய மணலைத் தட்டினார். "உனக்கு இருக்கிற வாய்க்கு, சொன்னதை ஏன்னு கேக்காம நாப்பது தடவை செய்றவன் வேற எவனும் கிடைக்க மாட்டான். இவனையே கட்டிக்க. ஆனா ஸ்டீயரிங்கை நீ புடி. இவன் முன்சீட்டுல உக்காரவே கூடாது."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்றே மாதத்தில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் கடைசிப் படம் மண்டப வாசலில் எடுத்தது. கூறைப் புடவையும் மாலையுமாக மணப்பெண் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறாள், பக்கத்தில் அவள் அப்பா. புதிதாக ஆல்பம் பார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் நின்று, "மாப்பிள்ளை எங்கே?" என்பார்கள். வீட்டில் யார் எந்த அறையில் இருந்தாலும் ஒரே குரலில் பதில் வரும்: "நல்லாப் பாருங்க, பின்னாடி சீர்வரிசைக் குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவுல."