பிடரி பார்த்துச் சிரிப்பவர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. இந்த வகை மனிதருக்குச் சிரிப்பு வரும், தானாக வெளியே வராது. முன்வரிசையில் பெரிய மனிதர் எவராவது இருந்தால், அவருடைய பிடரியை உற்றுப் பார்த்து, அது குலுங்கினால் தானும் குலுங்கி, அது அசையாவிட்டால் தொண்டைவரை வந்த சிரிப்பை இருமலாக்கி விழுங்கிவிடுவார். சகுனம் பார்ப்பவனுக்குப் பல்லி, இவருக்குப் பிடரி.

சிதம்பரத்தில் மண்டபம் வைத்திருக்கும் ராஜமாணிக்கத்தைப் பாருங்கள். முன்னாள் அமைச்சர் கண்ணாயிரத்தைக் கேலி செய்து கதிரவன் என்ற இளைஞர் தனியாளாக நாடகம் போடுகிறார். மறுநாள் அதற்குத் தன் மண்டபத்தைத் தரலாமா என்று முடிவு செய்யத்தான் ராஜமாணிக்கம், அன்று நாடகம் நடந்த மஞ்சக்குப்பத்துக்கு வந்திருந்தார். வந்து பார்த்தால், முன்வரிசையில் கண்ணாயிரமே உட்கார்ந்திருக்கிறார்.

மேடையில் வெள்ளக் காட்சி, எல்லா வேடமும் கதிரவனே. கால் நனையாதிருக்க அமைச்சரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். அவர் மேலிருந்து கேட்கிறார்: "தண்ணி எங்கய்யா? காட்டுங்க."

இடுப்பளவு நீரில் நிற்கும் பெண் சொல்கிறாள்: "கொஞ்சம் எறங்குங்க, தெரியும்."

சபை சிரித்ததா? எப்படிச் சிரிக்கும்? எல்லாக் கண்களும் பிடரியின்மேல். கண்ணாயிரத்தின் தோள்கள் குலுங்கின. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"அழுவுறாரு மச்சான்," என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிட்டு ராஜமாணிக்கம் எழுந்தார். "நிறுத்துய்யா. பெரிய மனுஷன அழ வச்சிட்டியே."

நிஜ வெள்ளத்தில் ஊரே நின்றபோது புண்படாத ராஜமாணிக்கத்தின் மனம், நாடக வெள்ளத்தில் புண்பட்டது.

விளக்குகள் எரிந்தன. கண்ணாயிரம் திரும்பினார்.

"யோவ், வயிறு வலிக்கச் சிரிச்சிட்டிருக்கேன். எவன்யா நிறுத்தச் சொன்னது?"

உடனே சபை அதிர்ந்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

நாடகம் முடிந்ததும் கதிரவன் ஓடி வந்தார். "நாளைக்கி மண்டபம் உண்டுதானே அண்ணே?"

"இல்ல தம்பி."

"அவரே சிரிச்சாரே."

"சிரிச்சாரு. நாளைக்கி அவரு வரமாட்டாரே. யாரப் பாத்து நாங்க சிரிக்கிறது?"

மறுநாள் சிதம்பரத்தில் மண்டபம் பூட்டியே கிடந்தது. இப்படித்தான் நம் ஊரில் தடைகள் பிறக்கின்றன. ஆட்சியில் இருப்பவர் தடுக்க வேண்டியதில்லை, ஆட்சியில் இல்லாதவரின் பிடரியே போதும்.

வாசகரே, இதைப் படிக்கையில் உங்களுக்கும் எங்காவது சிரிப்பு வந்திருக்கலாம். வந்ததும் சிரித்தீர்களா? அல்லது, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டீர்களா? பார்த்திருந்தால், சிதம்பரத்தில் உங்களுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.