பச்சை காட்டிய தண்ணீர்

மீன் டாக்டர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தலையே போனாலும் சரி, இந்த விடுமுறைக்கு மச்சான் வீட்டுக்குப் போவதில்லை!

டாக்டர் என்றதும் ஊசி கீசி என்று பயந்துவிடாதீர்கள். மனுஷர் ஒரு பெயிண்ட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, நாலு மீனை விட்டு, எந்நேரமும் அதன் தண்ணீரைச் சோதனை செய்துகொண்டே இருப்பதால் அடுக்குமாடிக்காரர்கள் கொடுத்த பட்டம் அது.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தங்கமான மனிதர். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி மாஸ்டர், அது ஒன்றுதான் குறை. விருந்தாளி என்றுகூடப் பார்க்காமல், விடிவதற்கு முன்னால் விசில் ஊதி எழுப்பி மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். போன தடவை ஓடிய ஓட்டத்தில் மீன் டாக்டரின் முட்டி இன்னமும் படி ஏறும்போது முனகுகிறது. கிடைத்ததே பத்து நாள் விடுமுறை. அதைச் சோபாவில் படுத்தே தீர்ப்பது என்று மனுஷர் மாதக்கணக்கில் கனவு கண்டுகொண்டிருக்கிறார். அதில் போய் ஓட்டமாவது, ஆட்டமாவது!

ஆயுதம் கைவசம் இருந்தது. அம்மோனியா. மீன்களின் கழிவிலிருந்து தண்ணீரில் சேருகிற விஷம் அது. தொட்டி புதிதாக வந்தபோது நிஜமாகவே ஏறிவிட்டது. தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்ற ஆள் வேண்டுமே என்று, மனைவியின் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அடடா, என்ன நிம்மதி! அன்றிலிருந்து மனைவி வீட்டார் போன் செய்தால் போதும், தொட்டியில் அம்மோனியா ஏறிவிடும்.

ஏற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கண்ணாடி துடைக்கிற திரவத்தில் அம்மோனியா தாராளமாக இருக்கிறது. சோதனைக் குழாயின் அடியில் அதை யாருக்கும் தெரியாமல் இரண்டு சொட்டு விட்டுவிட வேண்டியது. அப்புறம் தொட்டித் தண்ணீர், அதன் மேல் சோதனை மருந்து. மஞ்சளாக நின்றால் தண்ணீர் சுத்தம், பச்சையானால் ஆபத்து.

மனைவி அம்மணியின் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பக்கத்து இருக்கையில் பேசாமல் உட்கார்ந்து, ஓட்டுகிறவர் தப்பு செய்யும்வரைக்கும் பொறுத்திருந்து, தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கை ஒரே அழுத்து அழுத்த வேண்டும். மனுஷர் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

"என்னங்க, அண்ணன் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. நாளைக்குக் கிளம்பலாமா?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? மீனெல்லாம் மேல வந்து மூச்சு வாங்குதே, பாத்தியா?"

"சாப்பாடு போடுவீங்கன்னு வந்து நிக்குது."

"உனக்கு என்ன தெரியும்? எதுக்கும் டெஸ்ட் பண்ணிடறேன்."

"பண்ணுங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம், தண்ணி நானே மொண்டு வந்துட்டேன்" என்று டம்ளரை நீட்டினாள்.

இவளே சாட்சிக்கும் வந்து நிற்கிறாளே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. முன்பே சொட்டு விட்டு, விரல்களுக்குள் மறைத்து வைத்திருந்த குழாயில் தண்ணீரை ஊற்றினார். மருந்தைச் சொட்டினார். குலுக்கினார். நிறம் வருகிறவரை முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

வந்தது பச்சை. சும்மா பச்சை இல்லை, வண்ண அட்டையிலேயே இல்லாத பச்சை. இரண்டு சொட்டு என்பது அவசரத்தில் நாலைந்து ஆகியிருந்தது.

"போச்சு! எல்லாம் போச்சு!" தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அவ்வளவு மோசமா?"

"மோசமா? விஷம்மா, விஷம்!"

"தப்பா காட்டுதோ என்னவோ."

"நான் தப்பு பண்ணலாம், நீ தப்பு பண்ணலாம். கெமிஸ்ட்ரி தப்பு பண்ணாது!"

"ஒருவேளை இதை மனுஷங்க குடிச்சா?"

"குடிக்கிறதா? குடல் வெந்துடும்! நீ மட்டும் போயிட்டு வாம்மா. மச்சானை ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லு." அவர் குரல் தழுதழுத்தது.

அம்மணி போனை எடுத்தாள். "அண்ணா, இன்னிக்கே வர்றோம். ஆமா, ரெண்டு பேரும்தான். பத்து நாளும்."

"ரெண்டு பேருமா? அப்ப மீனு?"

அவள் போனைக் கையால் மூடினாள். "மீனுக்கு என்ன? நீங்க பண்றதப் பாத்துப் பாத்து எனக்கும் டெஸ்ட் பண்ண வந்துடுச்சு. தொட்டித் தண்ணியக் காலையிலேயே பாத்துட்டேன், நல்ல மஞ்சள். இரை போட எதிர்வீட்டு அக்கா இருக்காங்க."

"அப்ப... இது?"

"இது சமையலறைத் தண்ணிங்க. நாம தினம் குடிக்கிறது." அம்மணி முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை. "குடல் வெந்துடும்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே இந்த வீட்ல ஒரு நிமிஷம் இருக்கலாமா? எங்க தொழில்ல பச்சை விழுந்தா கிளம்பிடணும்."

மீன் டாக்டர் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். குழாயில் என்ன இருந்தது என்று சொல்லிவிட்டால் ஓட்டத்திலிருந்து தப்பிக்கலாம். ஆனால் இத்தனை நாளும் ஏறிய அம்மோனியா அவ்வளவுக்கும் கணக்குக் காட்ட வேண்டிவரும். குழாயை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லம்மா."

"அப்ப இத மட்டும் சொல்லுங்க" என்றாள், போனை மறுபடி காதில் வைத்தபடி. "உங்க ஷூ அளவு என்னன்னு அண்ணன் கேக்கறாரு."