பேர் தெரியாத பரிசு

காரைக்குடி,
கார்த்திகை 24.

அன்புள்ள கிருத்திகாவுக்கு, அத்தை அகிலாண்டேஸ்வரி எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஓரளவு நலம். நீயும் மாப்பிள்ளை கார்த்திக்கும் பெங்களூரில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கக் குன்றக்குடி முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டாய். "அத்தை, கிறிஸ்துமஸுக்கு எங்க ஆபீஸ்ல சீட்டு எடுத்துப் பரிசு மாத்திக்கணுமாம். யாரு குடுத்தாகன்னே தெரியக் கூடாதாம். பொறுப்பை என் தலையில கட்டிட்டாக. நீங்க உங்க ரைஸ் மில்லுல நடத்துனீகளாமே, எப்படி நடத்துனீக?" குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் ஒரு கேள்விக்குப் பயந்து பொய் சொன்னால் நன்றாயிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

ரிட்டயர் ஆன பிறகு புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் கடிதம் எழுதும் வேலைக்குப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு முன்னால் முதலாளியின் மருமகள் சௌபர்ணிகா, உன்னைப் போலப் பெரிய ஆபீஸில் இருந்து வந்த பெண், இதே யோசனையைச் சொல்லி என்னைப் பொறுப்பாக்கினாள். பதினோரு பேர். பதினோரு சீட்டு எழுதிச் சுருட்டி, நெல் அளக்கும் படியில் போட்டுக் குலுக்கி, எடுத்த பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். வகுப்பில் மூன்று தடவை போதும். லாரி டிரைவர் வேல்பாண்டி சீட்டைப் பிரித்தார், களத்தின் அந்தக் கோடியில் நின்ற மேனேஜரைப் பார்த்து, "மீனாட்சிசுந்தரம் அண்ணே! நீங்கதான் எனக்கு விழுந்திருக்கீக, என்ன வேணும் சொல்லுங்க!" என்று கத்தினார். களம் பெருக்கும் பொன்னுத்தாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, என்னிடம் நீட்டினாள். அவள் பெயரே அவளுக்கு வந்திருந்தது. "இருக்கட்டும் டீச்சர், எனக்கு நானே செஞ்சுக்கிறேன். வேற எவுக செய்யப் போறாக?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மறுபடி குலுக்கினேன். இந்தத் தடவை யாரும் வாய் திறக்கவில்லை, பொன்னுத்தாயிக்கு மட்டும் ஆறவில்லை. "குடுத்தது யாருன்னு தெரியாம வாங்கி வச்சுக்கிட்டா, நாளைக்கு அவுக வீட்டு விசேஷத்துக்கு நான் வெறுங்கையோட போறதா? இது பரிசா டீச்சர், பஸ்ஸுல கெடந்து எடுத்ததா?" நான் பொறுமையாக ஒரு உதாரணம் சொன்னேன்: மழை பெய்கிறது, எந்த மேகம் பெய்தது என்று கேட்கிறோமா? "மேகம் வீட்டுல காதுகுத்து வைக்கலையே டீச்சர்" என்றாள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு பொட்டலங்கள் என் மேஜைக்கு வந்தன. திருத்தாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்துப் பழகாத கை, பிரித்துப் பார்த்தேன். பதினொன்றில் ஒன்பது எவர்சில்வர் பாத்திரம். ஒன்பதிலும் பெயர் வெட்டியிருந்தது. நம் பக்கத்தில் பெயர் வெட்டாமல் பாத்திரம் கொடுப்பது கையெழுத்துப் போடாமல் கடிதம் எழுதுகிற மாதிரி, அது எனக்கே உறைக்கவில்லை பார். வேல்பாண்டி தன் பெயரோடு லாரி நம்பரையும் வெட்டியிருந்தார். மேனேஜர் ஒரு சின்ன டம்ளரில் மூன்று பேரப்பிள்ளைகளையும் சேர்த்திருந்தார், இடம் போதாமல் கடைசிப் பேரன் அடிப்பக்கத்தில் இருந்தான். ஒரு குடத்தில் 'சி. நாகவல்லி' என்று மட்டும். அந்தப் பெயரில் மில்லில் யாரும் இல்லை, யாரோ வீட்டம்மா பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். விதி விதிதான் என்று ஒன்பதையும் ஆட்டோவில் ஏற்றிப் பாலிஷ் கடைக்குக் கொண்டு போய், ஒரு எழுத்து இல்லாமல் மெஷினில் தேய்த்து வாங்கி, பழையபடி கட்டி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்று எனக்குப் பெருமைதான்.

பொங்கலுக்கு முதல் நாள் களத்தில் வைத்துப் பிரித்தார்கள். பொன்னுத்தாயிக்கு அந்தக் குடம். "ஆத்தி, கண்ணாடி கணக்கா இருக்கு!" என்று தூக்கிக் காட்டினாள். நெல் அவிக்கிற சின்னக்கருப்பு, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனிதர், எழுந்து வந்து அதை வாங்கினார். கழுத்தைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டினார். திருப்பினார், மறுபடி ஓட்டினார். "டீச்சர், பொட்டலம் மாறிப் போச்சா? இங்குட்டு எம் மக பேரு இருக்கணுமே."

அவர் மகள் பத்தொன்பது வயதில், நிச்சயம் ஆன அதே மாதம், காய்ச்சலில் போய்விட்டாளாம். நான் மில்லுக்கு வருவதற்கு முந்தின வருஷம். சீருக்கு வாங்கிய குடம். "வீட்டுல கெடந்தா நான் ஒருத்தன்தான் பாக்குறேன். பொழங்குற வீட்டுல இருந்தா நாலு பேரு வாசிப்பாகன்னு..." என்றார். நான் அழித்ததைச் சொன்னேன். மறுபடி வெட்டித் தருகிறேன் என்றேன். "வேணாம் டீச்சர். அவ பக்கத்துல நின்னு, இனிஷியலைப் பெருசாப் போடுங்கண்ணேன்னு சொல்லி வெட்டுனது. இப்ப வெட்டுனா அது நீங்க வெட்டுனது." குடத்தைப் பொன்னுத்தாயி கையில் கொடுத்தார். "நல்லாத்தான் பளபளன்னு இருக்கு" என்று எனக்காகச் சொல்லிவிட்டு, நெல் அவிக்கப் போய்விட்டார்.

பதினோரு மாதம் ஆகிறது. எப்போதும் போல வணக்கம் வைக்கிறார், ஒரு நாள் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அந்தக் குடத்தைப் பற்றிப் பொன்னுத்தாயியிடம் கேட்க இதுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. தப்பாய் எழுதினால் அழித்துவிட்டு எழுது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! அழித்த பின் எழுத முடியாததும் உண்டு என்று அறுபத்திரண்டு வயதில் படித்தேன். ஆகையால் உன் கேள்விக்குப் பதில்: நடத்தாதே. பல்வலி என்று லீவு போடு.

மாப்பிள்ளையிடம் ராத்திரி மோர் குடிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இருவரும் மனம் ஒத்து, நீண்ட நாள் சிரித்தபடி இருங்கள்.

உன் அத்தை,
அகிலாண்டேஸ்வரி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது, நாளைக்கு மில் லீவா என்று கேட்கப் பொன்னுத்தாயி போன் செய்தாள். பேச்சின் நடுவே மருமகளைப் பார்த்து ஒரு சத்தம்: "ஏத்தா, குழாயில தண்ணி வந்துருச்சு, நாகவல்லியை எடுத்துக்கிட்டு ஓடு!" யார் நாகவல்லி என்று கேட்டேன். "குடம் டீச்சர். பேருதான் அழிஞ்சு போச்சே, அதான் வாயால சொல்றோம். இப்பத் தெருவே அப்படித்தான் சொல்லுது. இருந்திருந்தா மட்டும் நான் என்ன வாசிக்கவா போறேன்?" சின்னக்கருப்புக்குத் தெரியுமா என்றேன். "தெரியாமையா? தண்ணி குடிக்கிற சாக்குல வாரத்துக்கு ரெண்டு தடவை வாராக. நாங்க அதைக் கூப்புடுறதைக் கேட்டுட்டுத்தான் எந்திரிப்பாக."

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. நடத்து, கொடுத்தவர் பெயரைச் சொல்லியே நடத்து. அதற்கு முன் நாளைக் காலையில் உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் ஏதாவது ஒன்றை, அதைக் கொடுத்தவர் பெயரைச் சொல்லி, எடுத்து வரும்படி கார்த்திக்கிடம் கேட்டுப் பார்.